அடி இறங்கினால் கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டுமா? கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் மகளிர் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பப்பை தன் இடத்திலிருந்து பிறப்புறுப்பு வழியாகக் கீழே இறங்குவதைத்தான் நம் ஊரில் அடி இறங்குவது என்கிறோம். கேளுங்கள், சொல்கிறேன்.

தேனியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 58 வயது. பத்து வருடமாக அடி இறங்கியிருக்கிறது. தானே கையால் உள்ளே தள்ளிக்கொள்கிறார். ஆஸ்பத்திரிக்கு வர வெட்கப்படுகிறார்.

பதில்: பத்து வருடம்! எத்தனை முறை கேட்டாலும் மனம் ஆறுவதில்லை. இது அவர் செய்த தவறால் வந்ததல்ல என்று முதலில் சொல்லுங்கள். இடுப்புக்குள் தொட்டில் துணி போல ஒரு தசைத்தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பிரசவத்தில் அது இழுபடும், சிலருக்குக் கிழியும். மாதவிடாய் நின்றபின் இன்னும் தளரும். நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் சுமை தூக்குவதும் அதை மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. ரிங் பெசரி என்ற சிலிகான் வளையத்தைப் பொருத்தினாலே பலருக்கு இறக்கம் உள்ளே நின்றுவிடும். மயக்கமருந்து வேண்டாம், சில நிமிட வேலை. உரசிப் புண்ணாகியிருந்தால் முதலில் அதை ஆற்றவேண்டும். ஆனால் வளையத்தை வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பார்க்கவேண்டும். மறந்த வளையம் சதையை அரித்துப் புதைந்துவிடும். அப்படிப் புதைந்தவற்றை என் கையாலேயே எடுத்திருக்கிறேன்.

மதுரை, வயது 31: இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். தும்மினால் சிறுநீர் கசிகிறது.

பதில்: கெகல் பயிற்சி செய்யுங்கள். மேலே சொன்ன இடுப்புத் தசைத்தளத்தை வலுப்படுத்தும் பயிற்சி அது. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் உள்ளிழுத்து மேலே தூக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். மூச்சை அடக்காதீர்கள். தொடையும் வயிறும் இறுகக்கூடாது. ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள்.

கரூரிலிருந்து ஒரு கணவர்: மனைவிக்கு 34 வயது, லேசான இறக்கம். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது. இனி அது எதற்கு?

பதில்: லேசான இறக்கத்துக்காக எடுக்காதீர்கள், தம்பி. இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மனைவியிடமும் கேளுங்கள்.

மருந்துக்கடை நடத்தும் ஒருவர்: எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடுமே டாக்டர். கூலி வேலைக்காரர்கள் எத்தனை முறை அலைவார்கள்?

பதில்: அலைச்சல் உண்மை. தீர்ந்துவிடும் என்பது உண்மையல்ல. தொட்டில் துணி நைந்திருக்கிறது, நீங்கள் பிள்ளையைத் தூக்கிவிட்டால் போதும் என்கிறீர்கள். தளத்தையும் தசைநார்களையும் சேர்த்துத் தைக்காமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், பிறப்புறுப்பின் மேல்முனையே பின்னாளில் இறங்கக்கூடும். அதைச் சரிசெய்வது இன்னும் கடினம். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகளை மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்திருக்கிறார்கள்.

அதே மருந்துக்கடைக்காரர்: அப்படியானால் எடுக்கச் சொல்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்களா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. முழுவதும் வெளியே வந்துவிட்ட அறுபது வயதுப் பெண்களுக்கு நானே எடுத்திருக்கிறேன், தளத்தையும் தைத்து. ஆனால் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை இழந்திருப்பது 2019-இல் வெளிவந்ததே, மறந்துவிட்டீர்களா? தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. முப்பதுகளிலேயே சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் எலும்பு தேய்கிறது. அந்த வலிக்கு உங்கள் கடையில்தான் மாத்திரை வாங்குவார்கள்.

நாமக்கல்: கெகல் பயிற்சி எப்படிச் செய்வது?

பதில்: மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேலம்: பயிற்சி எத்தனை நாள்?

பதில்: மூன்று மாதம். மேலேயே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருச்சி: எனக்கு மூட்டுவலியும் உண்டு.

பதில்: எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

தர்மபுரி: பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்கிறார்கள்.

பதில்: தூக்காதீர்கள். ஆறு வாரமாவது போகட்டும். நேபாள மலைகளில் பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே பெண்கள் விறகும் புல்லும் சுமக்கிறார்கள். இளம் வயதிலேயே அங்கே பலருக்கு அடி இறங்குகிறது. இது பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. இந்தப் பதிலை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

விழுப்புரம்: தங்கைக்கு இரண்டு நாள் வலிக்குப் பிறகு பிரசவம். அதன்பின் இரவும் பகலும் சிறுநீர் ஒழுகுகிறது.

பதில்: இது தளர்ச்சியல்ல. சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்திருக்கலாம். பயிற்சி எதுவும் வேண்டாம், நாளைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் மூடிவிடலாம். எத்தியோப்பியாவில் கேத்தரின் ஹாம்லினும் அவர் கணவரும் 1974-இல் இதற்கென்றே தனி மருத்துவமனை கட்டினார்கள். ஒதுக்கி வைக்கப்பட்ட எத்தனையோ பெண்கள் அங்கே குணமாகி வீடு திரும்பினார்கள்.

தேனி மகள் மீண்டும்: அம்மா வரச் சம்மதித்துவிட்டார், டாக்டர்.

பதில்: நல்லது அம்மா. பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள், நீங்களும் உள்ளே கூடவே இருங்கள். வளையம் வைத்தால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து, அடுத்த முறை போகவேண்டிய தேதியையும் அன்றே எழுதிவிடுங்கள்.