இருட்டுக்காலத்தில் ஒரு படமும் ஒரு கோப்பைச் சோறும்

அன்புள்ள தம்பிக்கு,

ஓகஸ்ட் மாதம் வவுனியாவிலிருந்து நோர்வேயின் வடக்கிலுள்ள ட்ரொம்சோவுக்குப் படிக்க வந்த நீங்கள், ஒக்டோபர் முடிவதற்குள்ளேயே பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் மறைவதைக் கண்டு கலங்கியிருப்பதாகவும், சமைக்க மனம் வராமல் பாணும் முட்டையுமாக நாட்களைக் கழிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் ஒரு வருடம் நாள்தவறாமல் ஒரு படம் எடுத்து, வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்ட கதை உங்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது. அது உண்மையில் உதவியதா, உதவியதென்றால் நல்ல கமரா ஒன்றை வாங்கித் தொடங்கலாமா என்பது உங்கள் கேள்வி. உதவியது. ஆனால் எதனால் உதவியது என்று சொல்லாமல் விட்டால் என் பதிலால் உங்களுக்குப் பயனில்லை என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நோர்வேக்கு வந்தது 1998 இல். பதினேழு வருடங்கள் ஒஸ்லோவில் இருந்தேன். அங்கே தமிழ்க் கடைகள் உண்டு, கோயில் உண்டு, அடுத்த மாடியில் ஒரு அக்கா உண்டு. கறிவேப்பிலை தீர்ந்தால் கதவைத் தட்டினால் போதும். 2015 இல் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து இங்கே வந்தபோதுதான், வெளிநாட்டில் வாழ்வது என்றால் என்னவென்று முதன்முதலாக அறிந்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த முதல் குளிர்காலம் என்னை விழுத்திவிட்டது. வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் படுக்கையில் விழுந்து, நள்ளிரவில் எழும்பிப் பாலில் சோளப்பொரி போட்டுத் தின்று, மறுபடி படுத்தேன். கொக்குவிலில் இருந்த அம்மா தொலைபேசியில் "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேட்கும்போதெல்லாம், "ஓம் அம்மா, சோறும் மீன்குழம்பும்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை ஐந்து மாதங்கள் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கோடையில் அண்ணாவின் மகன் அம்மாவுக்கு வைபர் போட்டுக் கொடுத்தான். அதன்பிறகு ஒருநாள் அம்மா, "அந்த மீன்குழம்பை ஒருக்கால் படம் எடுத்து அனுப்பு, நான் பார்க்க வேணும்" என்றார். அவர் என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை, ஆசையாகவே கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அன்று மாலையே கடைக்குப் போய் மீன் வாங்கினேன். 2016 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து 2017 ஓகஸ்ட் 31 வரை, வெளியே எடுத்த படம் ஒன்றும் அன்று நான் சமைத்த சாப்பாட்டின் படம் ஒன்றும் நாள்தோறும் அம்மாவுக்கு அனுப்புவது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். பழைய படத்தை எடுத்து அனுப்பக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. படம் அனுப்ப வேண்டுமென்றால் சமைத்தே ஆக வேண்டும். இனிப் பொய் சொல்ல வழியில்லை. 365 நாட்களில் 11 நாட்கள் தவறின. அவற்றில் ஏழு, பெப்ரவரியில் காய்ச்சலாகக் கிடந்த நாட்கள்.

செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் எளிதாகவே போயின. மலைச்சரிவுகளில் பேர்ச் மரங்கள் மஞ்சளாகும் காலம் அது. எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் கிடைக்கும். சோதனை நவம்பர் 27 அளவில் தொடங்கியது. அன்றிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் இங்கே அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல இருபத்துநான்கு மணி நேரமும் கரிய இருட்டு அல்ல. மிகக் குறுகிய நாளான டிசம்பர் 21 அன்று கூட நண்பகலில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ மூன்று பாகையில்தான் நிற்கிறது. ஆகையால், வானம் தெளிந்திருந்தால், பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை தெற்கே செம்மஞ்சள் கீற்று ஒன்று தோன்றும். எதிர்த்திசையில் வானம் ஊதாவாகும். பனி மூடிய நிலம் முழுவதும் நீலமாகும். சூரியன் வராது என்று எண்ணித் திரைச்சீலையை மூடி வைத்திருந்த என் முதல் வருடத்தில் இந்த நீலத்தை நான் ஒருநாள் கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

படம் எடுக்க வேண்டிய கடமை என்னை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வெளியே தள்ளியது. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் கிடைத்தாலும் பாலத்தின் தொடக்கம்வரை நடந்தேன். 1960 இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீற்றருக்குச் சற்று நீளமான அந்தப் பாலத்தையும், அதன் மறுகரையில் நிற்கும் 1965 ஆம் ஆண்டின் வெள்ளை முக்கோணத் தேவாலயத்தையும் அந்தக் குளிர்காலத்தில் அறுபது தடவையாவது எடுத்திருப்பேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் அலுப்பு வரும் என்று பயப்படாதீர்கள். எங்கே போவது என்று யோசிக்கவேண்டி வந்தால் நீங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள். உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு வெளிச்சத்தைக் கொண்டுதான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. என் நித்திரை சீரானதற்கு முதற்காரணம் அந்த நடையே என்பது என் உறுதியான எண்ணம்.

எடுக்கும் முறையிலும் சிலவற்றை நான் தவறு செய்தே கற்றேன். கைத்தொலைபேசி தானாகவே நிறத்தைச் சமன்செய்ய முயன்று நீலத்தைச் சாம்பலாக்கிவிடும். நிறச்சமநிலையைப் பகல் ஒளிக்கு மாற்றி வைத்தால் கண் கண்ட நீலம் அப்படியே வரும். பனி நிறைந்த காட்சியை கமரா மங்கலாகவே பதியும் என்பதால் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி எடுக்க வேண்டும். குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். தொலைபேசியை உட்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கமராவோடு வெளியே போனால், வீட்டுக்குள் நுழையுமுன் அதை ஒரு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அறைச்சூட்டுக்கு வந்தபிறகு திறவுங்கள். இல்லாவிட்டால் வில்லையில் நீர் பூக்கும். மனிதரை எடுப்பதில் மிகக் கவனமாக இருங்கள். ஒருவரே படத்தின் முதன்மைப் பொருளாக இருந்தால், அதை வெளியிட அவருடைய சம்மதம் இந்நாட்டுச் சட்டப்படி தேவை. பிள்ளைகள் விடயத்தில் சட்டம் கேட்பதைவிடவும் கூடுதலாக நாமே விலகி நிற்பது நல்லது. என் வேலையிடத்தில் நான் ஒரு படமும் எடுத்ததில்லை.

அந்த வேலையிடத்தில்தான் என் சமையல் திசைமாறியது. அதுவரை நான் ஊர்ச் சமையலை அப்படியே இங்கே கொண்டுவர முயன்று தோற்றுக்கொண்டிருந்தேன். நம்முடைய மீன்குழம்பு பாரைக்கும் அறக்குளாவுக்கும் அமைந்தது. இங்குள்ள கொட் மீனை அந்த முறையில் கொதிக்கவிட்டால் இதழ் இதழாக உதிர்ந்துபோகும். அம்மாவுக்கு அனுப்பிய முதல் மாதத்துப் படங்களில் குழம்புக்குள் மீன் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா இருந்தார். ஐம்பது வருடம் கடலில் மீன் பிடித்தவர். ஜனவரியில் பாரென்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிடத் தெற்கே லோஃபோதன் தீவுகள் பக்கம் நீந்திவரும் பெரிய கொட் மீனை இங்குள்ளவர்கள் ஸ்க்ரை என்பார்கள். மீனையும் அதன் ஈரலையும் சினையையும் வெவ்வேறாக அவித்து, உருளைக்கிழங்கோடு உண்ணும் மொல்யெ என்ற சாப்பாடு அந்தக் காலத்துக்கே உரியது. அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: இந்த மீனைக் கொதிக்க விடாதே, கொதித்து இறக்கிய உப்புத் தண்ணீரில் கிடந்து வேகவிடு. அன்று மாலை பழப்புளியும் யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் போட்டுக் குழம்பை முழுதாக வற்றவிட்டு, கடைசியில் மீனை அடுக்கி, மூடி, அடுப்பை அணைத்துவிட்டேன். கரண்டி படாமல் எட்டு நிமிடம். துண்டுகள் முழுதாகவே கிடந்தன. தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் தேசிப்புளியும் சேரும் சொதியோ, இந்த மீனுக்கென்றே பிறந்ததுபோல அமைந்தது. இறுக்கமான மீன்தான் வேண்டுமென்றால் ஸ்டெய்ன்பீட் என்று கேட்டு வாங்குங்கள். அது எந்தக் கொதியையும் தாங்கும்.

இந்நாட்டோடு நம்மவருக்கு உள்ள உறவே மீனோடுதான் தொடங்கியது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956 இல் இங்கே வந்து கடற்றொழில் கற்றவர். அவரும் நோர்வே நண்பர்களும் தொடங்கிய சீநோர் நிறுவனம் பின்னர் யாழ்ப்பாணத்து மீனவர்களுக்கு வலையும் படகும் செய்தது. எண்பதுகளில் அகதிகளாக வந்தவர்களில் மிகப் பலர் நமக்கும் வடக்கே பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டினார்கள். அவர்கள் எந்தக் கடையையும் நம்பாமல் இந்தக் கடலின் மீனையே கறியாக்கினார்கள். நான் 2017 இல் கண்டுபிடித்ததாக மகிழ்ந்ததை அவர்கள் முப்பது வருடத்துக்கு முன்னரே செய்துவிட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரொன்கோல் என்று விற்கும் சுருட்டைக் கீரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை செய்யலாம். கோதுமை மாவை அவித்து அரித்து வைத்துக்கொண்டால் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆகும். தோசைமா புளிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்: குழாய்த் தண்ணீர் பனிக்கட்டிபோல இருப்பதால் அரைக்கும்போது வெதுவெதுப்பான நீர் விடுங்கள், பிறகு பாத்திரத்தை மூடி, அடியில் சூடேற்றும் கம்பி பதித்த குளியலறைத் தரையில் ஒரு துணி மடித்து அதன்மேல் வையுங்கள். இந்நாட்டு வீடுகளில் நம் ஊர் வெப்பம் இருப்பது அந்த ஓரிடத்தில்தான். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் பொங்கி நிற்கும். இருட்டுக்காலத்தில் மீனெண்ணெய் குடிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். தோலில் வெயில் படாத மாதங்களில் விற்றமின் டி உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

ஜனவரி 21 அன்று, மலைகளின் இடைவெளியில் சூரியன் சில நிமிடங்களுக்குத் தலைகாட்டும். பள்ளிப் பிள்ளைகள் வெளியே வந்து நிற்பார்கள். வேலையிடங்களில் சூரியப் பணியாரம் என்று பொருள்படும் சூல்பொல்லெ கொடுப்பார்கள். அன்று முகில் மூடியிருந்தது. பணியாரத்தைத்தான் படம் எடுத்து அனுப்பினேன். அன்றிரவு அம்மாவிடமிருந்து முதன்முதலாக ஒரு படம் வந்தது: கோப்பையில் சோறு, முருங்கையிலைச் சுண்டல், ஒரு துண்டு மீன். படம் மங்கலாக இருந்தது, பாதியில் அவர் விரல் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு நாள்தோறும் வந்தது. மார்ச்சில்தான் அண்ணா எனக்குச் சொன்னார், அப்பா போன பின்னர் அம்மா தனக்கென்று அடுப்பு மூட்டுவதையே விட்டிருந்தாராம். காலையில் வாங்கிய பாணை இரவுக்கும் வைத்துச் சாப்பிட்டு, என்னிடம் தானும் சோறு என்று சொல்லியிருக்கிறார். தம்பி, நான் எதற்காக இதை உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன் என்பது இப்போது விளங்கும். எனக்காக மட்டும் என்றால் பத்தாம் நாளே விட்டிருப்பேன். படத்தை எதிர்பார்த்து ஒருவர் இருந்ததால் எடுத்தேன். பார்ப்பதற்கு ஒருவர் இருந்ததால் சமைத்தேன். நீங்கள் தொடங்குமுன் அந்த ஒருவர் யாரென்று தீர்மானியுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுவதை நான் விரும்பவில்லை. அங்கே அழகான நாளைத்தான் காட்டத் தோன்றும், வெறும் பருப்பும் சோறுமான நாளைக் காட்ட மனம் வராது. எனக்கு அப்படியான நாட்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றையும் அம்மா பார்த்தார்.

பெப்ரவரியில் நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் வெளிச்சம் கூடும்; அந்த மாதம் உங்களைத் தானே தூக்கிவிடும். நான் எதிர்பாராமல் இடறியது கோடையில்தான். மே 20 அளவிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவுக்குப் பின்னர் மலைகள் பொன்னாகத் தெரியும். படம் எடுப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் இரவே இல்லாததால் இரவுச்சாப்பாட்டுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. பதினொரு மணிக்கு அரிசி கழுவிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுவது என்று மணிக்கூட்டில் அலாரம் வைத்து, சன்னலுக்குத் தடித்த கறுப்புத்திரை போட்டபிறகே சரிவந்தது.

இனி, கமரா. வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் கைத்தொலைபேசி முதல் வருடத்துக்குத் தாராளமாகப் போதும். என் 354 நாட்களும் அப்படி எடுத்தவையே. அந்தப் பணத்தில் முதலில் சப்பாத்தில் மாட்டும் ப்ரொட்டர் என்ற முள்வளையம் ஒரு சோடி வாங்குங்கள், ஏனென்றால் இங்கே மழை பெய்து உறைந்த நடைபாதைதான் பனியைவிட ஆபத்தானது. அடுத்து, கம்பளி உள்ளுடுப்பு இரண்டு சோடி. கையில் தொங்கவிடும் ஒளிதெறி பட்டி ஒன்று. மிச்சம் இருந்தால் நல்ல அடிகனத்த சட்டி ஒன்று. வருகிற சனிக்கிழமை எனக்கு விடுமுறை. காலை பத்தரைக்கு வந்தால் பாலம்வரை நடந்துவிட்டு வந்து சமைக்கலாம். கறித்தூளில் ஒரு போத்தல் உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா