கல்லூரியை நேரில் பார்க்கப் போகும் முன்: பெரம்பூர் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

வணக்கம்.

தங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவில் படிப்பதாகவும், பொதுத்தேர்வு முடிவு வந்த கையோடு மே மாதத்தில் ஒரு கார் அமர்த்திக்கொண்டு இரண்டே நாள்களில் ஆறு பொறியியல் கல்லூரிகளைக் குடும்பத்தோடு பார்த்துவிட எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்பது தங்கள் கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன், எப்போது போவது, எப்படிப் போவது என்ற இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தத் திட்டப்படி போனால் கட்டடங்களையும் குளிரூட்டிய வரவேற்பறையையும் சேர்க்கை அலுவலரின் உபசரிப்பையும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

மே மாதத்தில் பெரும்பாலான கல்லூரிகளில் வகுப்புகள் நடப்பதில்லை. இரட்டைப்படைப் பருவத்தின் (கல்வியாண்டின் பிற்பாதி செமஸ்டரின்) தேர்வுகள் நடந்துகொண்டிருக்கும், அல்லது முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். ஆய்வகங்கள் பூட்டியிருக்கும், ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் பணியில் இருப்பார்கள். பள்ளியில் இன்னும் காலாண்டுத் தேர்வே வராத நிலையில் தாங்கள் எழுதியது நல்லதாயிற்று. செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறையின்போது கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவ வகுப்புகள் முழு வீச்சில் நடந்துகொண்டிருக்கும் என்பதால், ஆயுத பூசையை ஒட்டிய அரசு விடுமுறைகளைத் தவிர்த்து, அந்த வாரத்தில் ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். அரையாண்டு விடுமுறைவரை தள்ளிப்போட வேண்டாம். டிசம்பர் கடைசியில் கல்லூரிகளிலும் பருவ விடுமுறையாக இருக்கும்.

காரையும் விட்டுவிடுங்கள். பெரம்பூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமை காரில் போனால் தூரம் ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் தங்கள் மகள் நான்கு ஆண்டுகள் போகப்போவது அப்படியன்று. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறி, திருவான்மியூரில் இறங்கி மாநகரப் பேருந்தைப் பிடித்து, முதல் மணி அடிப்பதற்குள் வகுப்பில் உட்கார முடிகிறதா என்பதை அந்தக் காலை நேரத்திலேயே ஒரு முறை போய்ப் பார்த்தால்தான் தெரியும். கல்லூரிப் பேருந்து உண்டு என்றால் அது தங்கள் நிறுத்தத்திற்கு எத்தனை மணிக்கு வரும், மாலை எத்தனை மணிக்குக் கல்லூரியை விட்டுக் கிளம்பும், மாலையில் ஆய்வகத்திலோ நூலகத்திலோ தங்க விரும்பும் மாணவிக்கு இரண்டாவது பேருந்து உண்டா என்று கேளுங்கள். நாள்தோறும் நான்கு மணி நேரம் பேருந்தில் கழிக்கும் மாணவர்கள் நம் நகரில் ஏராளம். வகுப்பு முடிந்தபின் நடக்கும் எந்தப் பயிற்சியிலும் அவர்களால் கலந்துகொள்ள முடிவதில்லை. என்னைக் கேட்டால், இரண்டு கல்லூரிகள் ஏறக்குறையச் சமமாகத் தோன்றும்போது பயண நேரம் குறைவானதையே எடுக்கச் சொல்வேன்.

இனி, போவதற்கு முன் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டியவை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் கட்-ஆஃப் மதிப்பெண் இருநூறுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, இடஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாக முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரம், அதாவது கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண், கிடைக்கிறது. மகளின் அரையாண்டு மதிப்பெண் வரும்வரை காத்திராமல், அவர் பள்ளித் தேர்வுகளில் இதுவரை எடுத்ததை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டு, அதற்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் உள்ள மூன்று அல்லது நான்கு கல்லூரிகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியின் செங்கல் நிறக் கட்டடத்தை ஒரு முறை பார்ப்பதில் தவறில்லை; ஆனால் அங்கே கணினி அறிவியலுக்கான பொதுப் பிரிவுக் கட்-ஆஃப் இருநூறை ஒட்டியே நிற்கிறது என்பதையும் மகளுக்குச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரமதிப்பீடு ஆகியவை கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். பெற்றோர் பலர் தவறவிடுவது என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம். நாக் தரம் கல்லூரி முழுவதற்கும் உரியது, என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவுக்கு உரியது. ஒரு கல்லூரியில் இயந்திரவியலுக்கு அது இருந்து, தங்கள் மகள் சேர விரும்பும் பிரிவுக்கு இல்லாமல் இருக்கலாம். அண்மையில் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகளில் இதைத் தவறாமல் சரிபார்க்க வேண்டும்.

வேலைவாய்ப்பு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெற்றோரின் கவலையில் பாதி அதைப் பற்றியதுதான். நுழைவாயில் பதாகையில் இருப்பது யாரோ ஒரு மாணவருக்குக் கிடைத்த உச்ச ஊதியம். மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாங்கள் அளித்த தரவுகளைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலை ஊதியம் எவ்வளவு என்பவையெல்லாம் அதில் இருக்கும். இடைநிலை ஊதியம் என்பது வேலை பெற்றவர்களில் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை. பதாகையில் உள்ள தொகையையும் இதையும் அருகருகே எழுதிப் பார்த்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். ஆனால் அந்தத் தரவு பாடப்பிரிவு வாரியாகப் பிரித்துத் தரப்படுவதில்லை. ஆகவே நேரில் போகும்போது வேலைவாய்ப்பு அலுவலரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பிரிவில் சென்ற ஆண்டு இறுதியாண்டில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலை பெற்ற மாணவர்கள் எத்தனை பேர், ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் அதை ஒன்றாக எண்ணுகிறீர்களா மூன்றாக எண்ணுகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைவிட, பதில் வருவதற்கு முன் ஏற்படும் தயக்கத்தைக் கவனியுங்கள்.

இவ்வளவும் தாளிலிருந்தே கிடைக்குமானால் நேரில் போவது எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். தன்னாட்சி (பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே அமைத்துக்கொள்ளும் உரிமை) பெறாத இணைப்புக் கல்லூரிகள் அனைத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமே நடத்தப்படுகிறது, வினாத்தாளும் பொதுவானதே. அப்படியிருந்தும் பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரி வாரியான தேர்ச்சி விழுக்காட்டில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு தெரிகிறது. சேரும் மாணவர்களின் மதிப்பெண் அதற்கு ஒரு காரணம். ஆசிரியர்கள் நிலைத்திருக்கிறார்களா, ஆய்வகம் உண்மையில் பயன்படுகிறதா, உடன் படிப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பவை மற்றக் காரணங்கள். பின்னவற்றை வளாகத்தில்தான் பார்க்க முடியும்.

முன்கூட்டியே துறைத் தலைவருக்கோ முதல்வர் அலுவலகத்திற்கோ ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி பெற்றுச் செல்லுங்கள். அடையாள அட்டை இல்லாமல் வாயிற்காவலர் உள்ளே விடமாட்டார். சுயநிதிக் கல்லூரிகளில் சுற்றிக்காட்ட ஒருவரை உடன் அனுப்புவார்கள். அவர் காட்டுவதையெல்லாம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, பிறகு உணவகத்தில் ஒரு மணி நேரம் தனியே இருக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். அங்கே மகள் பேச வேண்டியது மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம். முதலாண்டினருக்கு எல்லாம் புதிது. இறுதியாண்டினர் பலர் பயிற்சிக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போயிருப்பார்கள். ஒரு பருவத்தின் நடுவில் பாட ஆசிரியர் மாறியது உண்டா, வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர் இருக்கிறது, சந்தேகம் கேட்டால் ஆசிரியர் உட்கார்ந்து விளக்குவாரா, கணினி ஆய்வகம் பாடவேளை இல்லாத நேரத்திலும் திறந்திருக்குமா என்பவை கேட்கத்தக்கவை. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். பட்டியலில் அத்தனை பெயர்களும் இருக்கும். அவர்களில் எத்தனை பேர் நாள்தோறும் வகுப்பெடுக்கிறார்கள் என்பது மாணவர்களுக்குத்தான் தெரியும்.

ஆய்வகத்தில் இயந்திரங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மூத்த மாணவி ஒருவரிடம் அவருடைய குழு என்ன புராஜெக்ட் செய்கிறது, எதில் சிக்கல் வந்தது, அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று தங்கள் மகள் கேட்கட்டும். இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காசுக்குச் செய்து கொடுக்கும் மையங்கள் நம் நகரில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டே இயங்குவது ஊரறிந்த செய்தி. தானே செய்தவர் தன் சிக்கலைப் பற்றிப் பத்து நிமிடமாவது பேசுவார். வாங்கியவர் தலைப்பைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்.

கழிப்பறைகளைத் தங்கள் மனைவியும் மகளும் பார்த்துவிடட்டும். மாணவிகளுக்கு இது சிறிய விஷயமன்று. தங்கள் மகள் வீட்டிலிருந்தே போகப்போவதால் விடுதியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. மழைக்காலத்தில் கல்லூரிக்குப் போகும் வழியில் தண்ணீர் தேங்குமா என்பதை மட்டும் அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் தாம்பரம், முடிச்சூர், வேளச்சேரி பக்கம் வெள்ளம் சூழ்ந்ததைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஒன்றை உரிமையோடு சொல்கிறேன். கேள்விகளை மகளே கேட்க வேண்டும். தாங்கள் பேசத் தொடங்கினால் எதிரே இருப்பவர் தங்களிடம்தான் பேசுவார். படிக்கப்போகிறவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். கட்டணம், பேருந்து, கட்டணத்தைத் திரும்பப் பெறும் விதி ஆகியவற்றை மட்டும் தாங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டண விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் (பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்ற நிறுவனங்கள்), தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் இல்லை. அவை தனியாகத் தேர்வு நடத்தி, கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே இடம் ஒதுக்கிப் பணம் கட்டச் சொல்லும். சில இடங்களில் இன்றே முன்பணம் கட்டினால் சலுகை என்றும் சொல்வார்கள். பார்க்கப் போன நாளில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். நன்கொடை என்ற பெயரில் ரசீது இல்லாமல் கேட்கப்படும் பணத்தைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பின்னர் யோசித்துக் கட்டிவிட்டு விலக நேர்ந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கை துணைக்கு வரும். சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் பதினைந்து நாள்களோ அதற்கு மேலோ முன்பு விலகினால், சிறு நடைமுறைக் கழிவு போக முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். நாள் செல்லச் செல்ல அது குறைந்து, கடைசி நாளுக்கு முப்பது நாள்களுக்குப் பின் ஒன்றும் வராது. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளைத் தனியே அறிவித்திருப்பதால், அந்த ஆண்டின் அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது.

பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே, வீட்டில் மற்ற யாரும் கருத்துச் சொல்வதற்கு முன், மகள் தன் வரிசையை ஒரு தாளில் எழுதிவிடட்டும். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை இணையத்தில் பதிவுசெய்யும்போது, தரவரிசை எண்ணுக்குக் கிடைக்கக்கூடியவற்றில் பட்டியலில் மேலே உள்ளதுதான் ஒதுக்கப்படும். ஆகவே கிடைக்காது என்று பயந்து விரும்பிய கல்லூரியைக் கீழே தள்ளுவதால் எந்த நன்மையும் இல்லை. அந்தத் தாளின் படியையும் மகளின் காலாண்டு மதிப்பெண்ணையும் அக்டோபரில் எனக்கு அனுப்பிவையுங்கள். இடையில் எவற்றைச் சேர்க்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.