வேளச்சேரியில் 10 மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள் – பதில்

12,000 வாடகைக்கு 1,20,000 அட்வான்ஸா! சென்னையில் இது பழைய வழக்கம்தான். ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகையைத்தான் வரம்பாகச் சொல்கிறது. உங்கள் கணக்கில் 36,000. கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். கூடுதல் தொகைக்கு ஒப்பந்தத்தில் சம்மதித்துவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம். நேராகச் சட்டம் பேசினால் வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார், அதனால் பக்குவமாகக் கேளுங்கள்.

அப்புறம், தனியாக வரும் பெண், வேலை தாம்பரம் சானடோரியத்தில் என்கிறீர்கள். வேளச்சேரியே எதற்கு? தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன. இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வீடுதான் வேண்டுமென்றால் மின்சார ரயில் பாதையில் தாம்பரத்துக்குத் தெற்கே தள்ளித் தேடுங்கள்.