விமானத்தில் விரிசல் தேடும் வேலை: மகளின் விருப்பம் குறித்து ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து முடித்திருக்கும் உங்கள் மகள் விமானப் பராமரிப்புப் பொறியாளராக விரும்புகிறார் என்றும், விமானத்தின் உடற்கூட்டில் விரிசல் பார்ப்பதும் பழுது நீக்குவதுமே தனக்குப் பிடித்த பிரிவு என்று உறுதியாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இது மெக்கானிக் வேலைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கட்டணம் என்ற ஐயமும், தமிழ் வழியில் படித்த பெண் ஆங்கிலக் கையேடுகளை எப்படிச் சமாளிப்பாள் என்ற கவலையும், நாளை ஒரு விபத்து என்றால் கையெழுத்துப் போட்டவளைத்தானே பிடிப்பார்கள் என்ற அச்சமும் உங்கள் கடிதத்தில் இருந்தன. இவற்றுக்கு விடை சொல்கிறேன். ஆனால், எதுவும் அகப்படாத இடத்தில் மணிக்கணக்காகக் கவனம் குலையாமல் தேடும் இயல்பு உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது; கட்டணமும் ஆங்கிலமும் அதற்குப் பிறகுதான்.

அந்த வேலை நடைமுறையில் எப்படி வருகிறது என்று சொன்னால் காரணம் புரியும். ஒரு விமான வகையில் ஆபத்தான குறை தென்பட்டு, அதே வடிவமைப்புக் கொண்ட மற்ற விமானங்களிலும் அது இருக்கவோ உருவாகவோ கூடும் என்று தெரிந்தால், அந்த வடிவமைப்புக்குப் பொறுப்பான அதிகார அமைப்பு ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ் என்ற கட்டாய ஆணையை வெளியிடும். போயிங் விமானங்களுக்கு அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ., ஏர்பஸ் விமானங்களுக்கு ஐரோப்பாவின் ஈஸா என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பதிவான விமானங்களும் தமக்குப் பொருந்தும் ஆணைகளை நிறைவேற்றியே தீர வேண்டும் என்பது நம் நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் இதை ஏ.டி. என்பார்கள். தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் பெரும்பாலும் பரிந்துரையோடு நின்றுவிடும், ஏ.டி. வந்துவிட்டால் அது சட்டம், கெடு தாண்டினால் அந்த விமானம் பறக்கக் கூடாது.

2019 அக்டோபர் தொடக்கத்தில் போயிங் 737 என்.ஜி. வகைக்கு வந்த ஆணை நல்ல எடுத்துக்காட்டு. இறக்கையையும் உடற்பகுதியையும் இணைக்கும், பிக்கிள் ஃபோர்க் என்று வழங்கப்படும் உறுதியான உலோகப் பகுதி, விமானத்தின் ஆயுள் முழுவதும் தாங்கும் என்று கருதப்பட்டது; சரக்கு விமானமாக மாற்றுவதற்காகப் பிரித்துப் பார்த்த விமானங்களில் அதில் விரிசல்கள் தெரிந்தன. உடனே எஃப்.ஏ.ஏ., 30,000 பறப்புச் சுற்றுகளை (ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு சுற்று) எட்டிய அல்லது கடந்த விமானங்களை 7 நாட்களுக்குள்ளும், 22,600 முதல் 29,999 சுற்றுகள் வரை முடித்தவற்றை அடுத்த 1,000 சுற்றுகளுக்குள்ளும் சோதிக்க உத்தரவிட்டது. விரிசல் கண்டால் சரிசெய்த பிறகே பறக்கலாம். ஏழு நாட்கள் என்பது பராமரிப்புப் பிரிவுக்கு எதைக் குறிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடுப்பில் ஊருக்கு வந்திருப்பவருக்கும் அழைப்பு வரும், தீபாவளியாக இருந்தாலும் இரவு ஷிப்ட் நடக்கும். பகல் முழுவதும் பறந்து சம்பாதிக்கும் விமானம் பெரும்பாலும் இரவில்தான் இவர்கள் கைக்கு வருகிறது என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கை விட்டுவிட்டுப் பறப்புச் சுற்றுகளை ஏன் எண்ணுகிறார்கள் என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய ஆர்வம் மேம்போக்கானதா இல்லையா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். விமானம் மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படுவதால் உடற்கூட்டின் தோல் விரிகிறது, இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு தகரத் துண்டை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் ஒரு கட்டத்தில் அது முறிவதைப் போல, இந்த விரிதலும் சுருங்குதலும் ஆயிரக்கணக்கில் சேரும்போது ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) துளைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் பிறக்கின்றன. ஆகவே நீண்ட தூரம் செல்லும் விமானத்தைவிட, குறுகிய தூரத்தில் நாளெல்லாம் ஏறி இறங்கும் விமானத்துக்கே இவ்வகைத் தேய்வு விரைவில் வரும்.

இதற்கு உலகம் கற்ற பெரிய பாடம் ஹவாய்த் தீவுகளில் நடந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்ட அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737, ஏறத்தாழ 24,000 அடி உயரத்தில் இருந்தபோது, அதன் முன்பகுதியில் சுமார் 18 அடி நீளத்துக்கு மேற்கூடு பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்றவர்களுடன் விமானிகள் அதை மாவி தீவில் இறக்கினார்கள். தீவுக்குத் தீவு தாவிய அந்த விமானம் 35,496 மணி நேரத்தில் 89,680 சுற்றுகளை முடித்திருந்தது, அதாவது ஒரு பறப்புக்குச் சராசரியாக அரைமணி நேரம்கூட இல்லை. தோல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் பசை விட்டுப்போய், ஈரம் புகுந்து அரித்து, சுமை முழுவதும் ரிவெட்டுகளின் மீது விழுந்து, பல துளைகளில் பிறந்த சிறு விரிசல்கள் ஒன்றுகூடியதே காரணம்.

இந்த இணைப்பைப் பற்றிய எச்சரிக்கை முன்பே இருந்தது. போயிங் தன் புல்லட்டினில் பல இணைப்பு வரிசைகளைச் சோதிக்கச் சொல்லியிருந்தது. 1987 ஆம் ஆண்டின் ஆணையோ மேல்வரிசை இணைப்பை மட்டுமே கட்டாயமாக்கியது. கூடு பிளந்ததாக விசாரணை முடிவு செய்த இணைப்பு அந்த வரிசையில் இல்லை. விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சேதத்தைக் கண்டுபிடிக்கத் தவறிய விமான நிறுவனத்தின் பராமரிப்பு முறையை முதன்மைக் காரணமாகவும், சோதனையின் எல்லையைச் சுருக்கிய எஃப்.ஏ.ஏ.வின் முடிவைத் துணைக் காரணங்களுள் ஒன்றாகவும் குறித்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த அறிக்கையின் வேறொரு பகுதியை. சாரத்தின் மீது ஏறி, சில நேரம் ஹேங்கரின் உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கையில் விளக்குடனும் கருவியுடனும் ஒரு ரிவெட்டுக்கு அடுத்த ரிவெட்டாகப் பார்த்துக்கொண்டே போகிறவரின் நிலையை அது விவரிக்கிறது. வெளிச்சமும் வெப்பநிலையும் சரியாக இருந்தாலும் அது சலிப்பூட்டும் வேலை என்றும், பார்க்கப் பார்க்க விரிசல் எதுவும் அகப்படாதபோது, இனியும் அகப்படாது என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்குவது இயல்பு என்றும் அது கூறுகிறது. இந்தத் துறையின் உண்மையான சோதனை இதுதான். கல்லூரி விளம்பரங்களில் விமானத்தின் முன் கைகட்டி நிற்கும் இளைஞர்களின் படத்தில் இது தெரியாது.

கண்ணால் பார்ப்பது முதல் படி மட்டுமே. மேற்பரப்பு விரிசலுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை, ரிவெட் துளைகளைச் சுற்றி எடி கரண்ட் என்ற சுழல் மின்னோட்டச் சோதனை, ஆழத்தில் இருப்பதற்கு அல்ட்ராசோனிக் என்ற மீயொலிச் சோதனை என்று முறைகள் உண்டு. பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் இப்பிரிவை என்.டி.டி. என்கிறார்கள். இது தனித் தகுதி. விமானத் துறையில் ஈ.என். 4179, நாஸ் 410 ஆகிய தரங்களின்படி, வேலை தரும் நிறுவனமே பயிற்சியும் அனுபவமும் சரிபார்த்து முதல், இரண்டாம், மூன்றாம் நிலைச் சான்று அளிக்கும். அழிவிலாச் சோதனைக்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகம் சென்னையில் இருப்பது நம் மாணவர்களுக்கு ஒரு வசதி. எனினும் பொதுத் தொழிற்சாலைகளுக்கான குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றை வாங்கிவிட்டால் நேராக விமானத்தில் கை வைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இப்பிரிவில் ஆண்டுதோறும் அண்மைப் பார்வைப் பரிசோதனை உண்டு, நிறங்களைப் பிரித்தறியும் திறனும் பார்க்கப்படும்.

விரிசலைக் கண்டுபிடித்த பிறகு வருவது பழுது நீக்கம். அங்கே கைத்திறனோடு கீழ்ப்படிதலும் வேண்டும் என்பதைப் பெற்றோர் பலரும் எதிர்பார்ப்பதில்லை. ஒவ்வொரு விமான வகைக்கும் கட்டமைப்புப் பழுது நீக்கக் கையேடு ஒன்று உண்டு. எந்த உலோகம், எத்தனை தடிமன், எத்தனை வரிசை ரிவெட், விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும், அதில் இல்லாத பழுதுக்கு வடிவமைப்பாளரின் ஒப்புதல் பெற வேண்டும். 1978 இல் ஒசாகாவில் வால் தரையில் உரசிய ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 விமானத்தில், பின்புற அழுத்தத் தடுப்புச் சுவரைச் சீர்செய்தபோது ஒரே துண்டாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரு துண்டுகளாக வைத்துவிட்டார்கள்; சுமையை இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசையே தாங்கியது. ஏழு ஆண்டுகள் அப்படியே பறந்து, 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்தச் சுவர் உடைந்து 520 பேர் இறந்தார்கள். சைனா ஏர்லைன்ஸின் 747 ஒன்றுக்கும் 1980 இல் ஹாங்காங்கில் வால் உரசியது. கீறல்களை முழுதாக நீக்காமல் மேலே ஒட்டுத் தகடு வைத்த பழுது 22 ஆண்டுகள் மறைந்திருந்து, 2002 மே 25 அன்று 225 உயிர்களைக் கொண்டுபோயிற்று. “நான் பார்த்துச் செய்துவிடுகிறேன்” என்ற துணிச்சல் மற்ற பட்டறைகளில் பாராட்டப்படும் குணம். இங்கே அது ஆகாது. உங்கள் மகள் செய்முறைக் குறிப்பை முழுதாகப் படித்துவிட்டு வேலையில் இறங்குகிறவரா, பாதியிலேயே தொடங்கிவிடுகிறவரா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரோநாட்டிகல் பி.இ. பட்டமும், விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கான ஏ.எம்.இ. உரிமமும் வேறு வேறு. பட்டம் வடிவமைப்பு, பகுப்பாய்வு, உற்பத்தி ஆகிய பக்கங்களுக்கு வழி திறக்கும். அது மட்டும் இருந்தால் பராமரிப்பு முடிந்த விமானத்துக்குச் சான்று தந்து கையெழுத்திட முடியாது. அதற்கு டி.ஜி.சி.ஏ.வின் கார்-66 விதிப்படியான உரிமம் வேண்டும். உங்கள் மகள் விரும்பும் வேலைக்கு, டர்பைன் எஞ்சின் கொண்ட விமானங்களின் கட்டமைப்பும் எஞ்சினும் அடங்கிய பி1.1 பிரிவு பொருந்தும். பி2 மின்னணுப் பக்கம் சார்ந்தது. பயிற்சி நிறுவனங்களுக்கான கார்-147 விதிப்படி ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் பி1.1 அடிப்படைப் பயிற்சி 2,400 மணி நேரம். அதன் பிறகு இயங்கும் விமானங்களில் 2 ஆண்டுப் பராமரிப்பு அனுபவமும், பாடத்தொகுதித் தேர்வுகளில் தேர்ச்சியும் வேண்டும். உரிமம் கைக்கு வந்தாலும் ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட வகைக்கான டைப் பயிற்சி முடித்து அது உரிமத்தில் ஏறினால்தான் அந்த வகைக்கு முழுமையாகக் கையெழுத்திடலாம். ஆக, நான்கு ஆண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். கடன் வாங்குவதானால் முதற்சில ஆண்டுகளின் ஊதியம் டெக்னீஷியன் நிலையில்தான் இருக்கும் என்று வைத்தே திட்டமிடுங்கள். பெரிய கட்டமைப்புப் பணிகள் நடக்கும் பராமரிப்பு மையங்கள் ஓசூர், ஐதராபாத், நாக்பூர் ஆகிய இடங்களில் உள்ளன. வேலை வீட்டுக்கு அருகில் கிடைத்தால் நல்லது, அதை எதிர்பார்த்து இறங்கக் கூடாது.

மொழி குறித்த கவலையை நீங்கள் பெருமளவு விட்டுவிடலாம். விமானப் பராமரிப்புக் கையேடுகள் எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அதன் பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 900 சொற்களே உண்டு, வாக்கியங்களும் குறுகியவை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் பிழையின்றிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்த முறை உருவானது. சரளமாகப் பேசுவது வேறு திறன், அது பின்னால் வரும்.

கைது பற்றிய உங்கள் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விமான விபத்து விசாரணை அமைப்பின் நோக்கம் மறுவிபத்தைத் தடுப்பதே, யாருடைய குற்றத்தையும் நிறுவுவது அன்று. ஆனால் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய வாயுயான் சட்டம் உட்படச் சட்டங்கள் தனியே இருக்கின்றன, விதிமீறலுக்கு உரிமம் நிறுத்தப்படலாம், ரத்தும் செய்யப்படலாம். கையெழுத்து தனிப்பட்ட பொறுப்பு என்பது உண்மை. அந்தப் பொறுப்புக்கு எல்லை உண்டு என்பதும் அதே அளவு உண்மை: எந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்தின்படி, எந்தத் தேதியில் அளவு சரிபார்க்கப்பட்ட எந்தக் கருவியால், எந்த இடத்தைச் சோதித்தார் என்பது டாஸ்க் கார்டு என்ற வேலைப் பதிவுத் தாளில் பதிவாகிறது, செய்ததைச் செய்தபடி எழுதியவருக்கு அந்தத் தாளே துணை. செய்யாத சோதனைக்குக் கையெழுத்திடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. நேரமாகிவிட்டது, விமானம் புறப்பட வேண்டும் என்று மேலிருந்து அழுத்தம் வரும்போது “இன்னும் முடியவில்லை, சார்” என்று சொல்லும் உறுதி உங்கள் மகளுக்கு உண்டா என்று நீங்கள் யோசியுங்கள். வீட்டில் நியாயத்துக்காக எதிர்த்துப் பேசும் பெண் என்றால் அதை இந்த ஒரு விஷயத்திலாவது குறையாக எண்ணாதீர்கள்.

இயல்பைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. எஃப்.ஏ.ஏ., ஈஸா இரண்டின் ஆணைகளும் இணையத்தில் யாரும் படிக்கும்படி இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே சொன்ன 2019 ஆணையை எடுத்து, 26,000 சுற்றுகள் முடித்து நாளொன்றுக்கு 5 முறை பறக்கும் ஒரு விமானத்துக்கு எந்தக் கெடு பொருந்தும், அதற்கு எத்தனை நாள் இருக்கிறது, விரிசல் தெரிந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மகளையே கண்டுபிடித்து எழுதச் சொல்லுங்கள். ஏறத்தாழ 200 நாட்கள் என்ற விடை முக்கியமன்று. அந்த வறண்ட பக்கங்களில் அவர் எவ்வளவு நேரம் சலிக்காமல் உட்கார்ந்தார், பொருந்தாத பத்திகளை எப்படி ஒதுக்கினார் என்று கவனியுங்கள். முடிந்தால் அருகிலுள்ள ஐ.டி.ஐ. ஒன்றின் ஷீட் மெட்டல் பிரிவில் அனுமதி பெற்று, தகட்டில் அளவெடுத்துத் துளையிட்டு ரிவெட் அடிப்பதை நேரில் பார்க்கச் செய்யுங்கள். இரண்டும் பிடித்திருந்தால் அடுத்த அடி எடுத்து வைக்கலாம். விமானத்தின் மீதுள்ள கவர்ச்சிதான் காரணம் என்று தெரிந்தால், விமானத் துறையிலேயே அவருக்குப் பொருந்தும் வேறு பணிகளைப் பற்றிப் பேசுவோம்.

சேர்வது என்று முடிவானால், முதலில் கண் மருத்துவரிடம் நிறக்குருடு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு நிறுவனத்தின் பெயரும் அது நடத்தும் பிரிவும் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தின் கார்-147 பட்டியலில் இன்றைய தேதியில் உள்ளனவா என்று நீங்களே பாருங்கள்; பி2 ஒப்புதலை மட்டும் வைத்துக்கொண்டு பி1.1 மாணவர்களைச் சேர்ப்பது போன்ற குளறுபடியை அங்கேயே கண்டுகொள்ளலாம். செய்முறைப் பயிற்சி எந்த விமானத்தில் நடக்கிறது, உரிமத்துக்கான அனுபவம் எந்தப் பராமரிப்பு நிறுவனத்தில் ஏற்பாடு செய்யப்படுகிறது, கடந்த ஆண்டுகளில் படித்தவர்களுள் எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள் என்ற கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் பல இடங்களில் முன்னால் நீட்டுவார்கள். விமான நிலையத்தில் எந்த வேலையில் சேர்ந்தாலும் அந்தக் கணக்கில் வந்துவிடும் என்பதால் உரிமம் பெற்றோர் எண்ணிக்கையையே வற்புறுத்திக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.