சாஸ்தா கோயில் படத்தில் சிவந்த கண்கள்: திருத்துவது எப்படி?

கேள்வி: பங்குனி உத்திரத்தன்று இரவு, எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் ஆச்சியை நடுவில் உட்காரவைத்துப் பேரப்பிள்ளைகளோடு ஒரு படம் எடுத்தோம். அதை 8-க்கு 12 அங்குல அளவில் பிரேம் போட்டு வீட்டில் மாட்ட விரும்புகிறோம். ஃபிளாஷ் வெளிச்சத்தில் எல்லார் கண்களும் சிவப்பாக விழுந்துவிட்டன. மென்பொருளில் தானாகத் திருத்தினால் கண்கள் கறுத்து, முகமே வேறாகிவிடுகிறது. இரண்டு வயதுப் பேத்திக்கு ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அது மாறவே இல்லை. என்ன செய்யலாம்? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது படத்தைப் பற்றியது மட்டும் அன்று. ஃபிளாஷ் ஒளியில் ஒரு கண் சிவந்தும் மற்றது வெளிறியும் தெரிவது, குழந்தை பார்த்த கோணத்தால், பார்வை நரம்பு தொடங்கும் வெளிறிய இடத்தில் ஒளி பட்டுத் திரும்பியதனால் நேர்ந்திருக்கலாம். ஆனால் மாறுகண், குழந்தைகளுக்கு வரும் கண்புரை, மிக அரிதாக ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய் ஆகியவையும் முதன்முதலில் இப்படி ஒரு படத்தில்தான் வெளிப்படுவதுண்டு. அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. காலத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக் கூடியது. எனவே அந்தக் கண்ணைத் திருத்தாமல், படத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் காட்டலாம்.

இனி சிவந்த கண்களுக்கு வருவோம். இருட்டில் கண்ணின் பாப்பா நன்றாக விரிந்திருக்கும். கேமராவின் லென்ஸை ஒட்டியே இருக்கும் ஃபிளாஷின் ஒளி, பாப்பா சுருங்க நேரம் கொடுக்காமல் உள்ளே புகுந்து, இரத்த நாளங்கள் நிறைந்த கண்ணின் பின்புறத்தில் பட்டுச் சிவப்பாகி, வந்த வழியே லென்ஸுக்குத் திரும்புகிறது. சிறுபிள்ளைகளுக்குப் பாப்பா பெரிதாக விரியும். வயதானவர்களுக்கு அவ்வளவு விரியாது. ஆகவே ஒரே படத்தில் பேரப்பிள்ளைகளின் கண் கனலாகவும் ஆச்சியின் கண் இலேசாகவும் சிவந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே அளவில் திருத்தம் போடுவது பிழையாவதற்கு இதுவே காரணம்.

நம் ஊர்ப் படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மவர்களின் ஐரிஸ், அதாவது பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம், அடர்ந்த பழுப்பு நிறமுடையது. மங்கலான படத்தில் பாப்பா எங்கே முடிகிறது, ஐரிஸ் எங்கே தொடங்குகிறது என்பதை மென்பொருளால் பிரித்தறிய முடியாமல் போகும்போது, அது இரண்டையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு மையும் தீட்டியிருந்தால் கண்ணில் கரிப்பொட்டு வைத்ததுபோல ஆகிவிடும். கண்ணில் மினுங்கும் சிறு வெள்ளைப் புள்ளியும் அந்தக் கறுப்பில் மறைந்துபோவதுதான், முகமே வேறாகிவிட்டதாக நீங்கள் சொல்வதற்குக் காரணம். நீக்க வேண்டியது சிவப்பை மட்டுமே. பழுப்பும் அந்த மினுக்கமும் அப்படியே இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன், படம் எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொன்னால் குறையாமல் வரும். 8-க்கு 12 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் தெளிவாக அச்சாக 2400-க்கு 3600 பிக்சல் தேவை. மூலத்தைத் தொடாமல் ஒரு நகலில் வேலை செய்யுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் ரெட் ஐ டூலை எடுத்தால், பியூப்பில் சைஸ் (பாப்பாவின் அளவு), டார்க்கன் அமவுன்ட் (கறுப்பாக்கும் அளவு) என்னும் இரண்டு அளவுகளும் தொடக்கத்தில் 50 விழுக்காட்டில் இருக்கும். அவற்றைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டு, படத்தை 200 விழுக்காடு பெரிதாக்கி, ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் ஒரு முறை மட்டும் சொடுக்குங்கள். ஆச்சியின் கண்களுக்கு இதுவே போதும்.

பிள்ளைகளின் கண்களுக்குக் கைத்திருத்தமே நல்லது. ஹியூ சாச்சுரேஷன் என்னும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை (படத்தின் மேல் தனியாக நிற்கும் திருத்த அடுக்கை) சேர்த்து, அதில் 'ரெட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சாச்சுரேஷனை (நிறச் செறிவை) முழுவதும் குறையுங்கள். சிவப்பு சாம்பல் நிறமாக மாறும். பிறகு லைட்னஸை (வெளிர்வின் அளவை) சிறிது சிறிதாகக் குறைத்து, கருமை இயல்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். திருத்தம் எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அந்த லேயரின் மாஸ்க்கைக் கறுப்பாக்கிவிட்டு, ஓரம் மென்மையான சிறிய தூரிகையால் பாப்பாவின் மேல் மட்டும் வெள்ளை பூசினால், திருத்தம் அங்கே மட்டும் விழும். மினுங்கும் புள்ளி வெள்ளை நிறம் என்பதால், சிவப்பை மட்டும் மாற்றும் இந்த முறை அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தவறிப் புள்ளி மறைந்துவிட்டால், அதே மாஸ்க்கில் கறுப்பு பூசி அதை மீட்டுவிடலாம். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் பிள்ளையின் பார்வை உயிரோடு திரும்பி வருவதை நீங்களே காண்பீர்கள்.

இலவச மென்பொருளான கிம்ப் பயன்படுத்துவோருக்கு ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் பகுதியில் ரெட் ஐ ரிமூவல் இருக்கிறது. முதலில் எலிப்ஸ் செலக்ட் கருவியால் கண்களை மட்டும் தேர்வு செய்து, விளிம்பை ஃபெதர் செய்து மென்மையாக்கிக்கொண்ட பிறகே அதைப் போட வேண்டும். தேர்வு செய்யாமல் போட்டால் ஆச்சி நெற்றியின் குங்குமமும் அரக்குச் சேலையும்கூட நிறமிழந்துவிடும்.

முடித்ததும் படத்தை முழு அளவுக்குக் கொண்டுவந்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கண்கள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால், அந்த லேயரின் ஒபாசிட்டியை, அதாவது திருத்தம் தெரியும் அழுத்தத்தை, 100-இலிருந்து 80 விழுக்காட்டுக்குக் குறைக்கலாம். பெரிய பிரதி போடுமுன் ஸ்டூடியோவில் ஒரு சிறிய சோதனைப் பிரதி எடுத்துப் பாருங்கள், ஏனெனில் திரையில் சரியாகத் தெரியும் கருமை தாளில் இன்னும் அழுத்தமாக விழக்கூடும்.

அடுத்த உத்திரத்துக்குப் படம் எடுக்கும்போது, கோயிலில் உள்ள எல்லா விளக்குகளையும் போட்டு, பிள்ளைகளைச் சற்று நேரம் வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேமராவில் ரெட் ஐ குறைக்கும் வசதி இருந்தால், முதலில் மின்னும் ஒளி பாப்பாவைச் சுருக்குவதற்காகத்தான் என்பதைச் சொல்லி, இரண்டாவது ஒளி வரும்வரை யாரும் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.