ஐந்து கையெழுத்தும் ஓர் ஓட்டு வீடும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. சென்னையில் மென்பொருள் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அம்மாவின் ஊருக்குப் பக்கத்தில், குடவாசலில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கிணற்றோடு கொல்லை என்று எல்லாம் இருக்கிறது. 18 லட்சம் சொல்கிறார்கள். 1968இல் கிரயம் வாங்கியவரும் அவர் மனைவியும் காலமாகிவிட்டார்கள். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். "பொண்ணுங்களுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு, நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்" என்கிறார் மூத்தவர். பத்திரத்தில் 10 லட்சம் என்று காட்டினால் பெண் பெயரில் பதிவதற்குச் சலுகை உண்டு என்கிறார் தரகர். மேஸ்திரி, ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார். அப்பாவோ, ஊர்ப்பக்கம் வீடு வாங்கிப் பணத்தை முடக்காதே என்கிறார். இது என் முதல் வீடு. வாங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாங்கலாம், ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாக வாங்கிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நகை போட்டது, சீர் செய்தது, தலைப்பிரசவம் பார்த்தது எதையும் அந்தப் பங்கில் கழிக்க முடியாது. சகோதரிகள் மனதார வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து தரட்டும். அல்லது கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகவே சேரட்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவரவர் பங்குப் பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கே போகும், பிற்பாடு யாரும் பேச வழியில்லை. யாராவது வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர், அதாவது அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம், வர வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியாக வேண்டும். அந்தச் சகோதரிகளை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். மூத்தவர் கூட வர வேண்டாம். நம் பக்கம் ஓடு சரிந்து பூட்டிக் கிடக்கும் வீடுகள் பலவற்றின் கதை, யாரோ ஒருவரின் கையெழுத்து வராததுதான்.

வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்திருப்பீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் உள்ளதைக் காசில்லாமல் பார்க்கலாம். 1968 பத்திரத்தைத் தொடும் அளவுக்குப் பின்னால் போக, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடுங்கள். "நில்" (Nil, எதுவும் இல்லை) என்று வந்துவிட்டதாலேயே நிம்மதி அடைய வேண்டாம். பதியாத உயில் அதில் வராது. பாகம் பிரிக்கக் கேட்கும் வழக்கு கோர்ட்டில் கிடந்தாலும் பெரும்பாலும் தெரியாது. உங்கள் வட்டாரத்தில் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: மனை யாருடையது? கும்பகோணம், குடவாசல் பக்கமெல்லாம் வீடு மட்டும் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்பது சாதாரணம். அப்படியானால் நீங்கள் வாங்குவது செங்கல்லும் மரமும்தான், பத்திரமே பதியாமல் நின்றுவிடலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தரகர் கணக்குக்கு வருவோம். 18 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,62,000 ரூபாய். பெண் பெயரில், 10 லட்சம் வரையிலான சொத்துக்கு, 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அவர் சொல்கிறபடி 10 லட்சம் காட்டினால் 80,000 ஆகும். மிச்சம் 82,000. அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு அதற்கு மேல் இருந்தால் இதுவும் கிடையாது. இதற்காக மீதி 8 லட்சத்தை ரசீதில்லாமல் ரொக்கமாக எண்ணிக் கொடுக்க வேண்டும். நாளை உரிமையில் சிக்கல் வந்தால் நீங்கள் கேட்க முடிவது 10 லட்சம். வங்கிக் கடனும் அந்தப் பத்திரத் தொகையைப் பார்த்துத்தான் வரும். நேர் வழியில் போனாலும் கையில் பணம் நிறையவே வேண்டும். 30 லட்சம் வரையிலான கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்கிறது ரிசர்வ் வங்கி, ஆனால் அது வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பில். பழைய கட்டடத்துக்கு அவர் பெரிதாக ஒன்றும் போட மாட்டார். 14 லட்சம் என்று எழுதினால் கடன் 12,60,000. மீதி 5,40,000, பதிவுச் செலவு 1,62,000, இரண்டும் உங்கள் கையிலிருந்து. பராமரிப்புக்கு ஒரு ரூபாய்கூட இன்னும் எடுக்கவில்லை.

மேஸ்திரி சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓட்டுக் கூரைக்கென்று எழுப்பிய பழைய சுவர் கான்கிரீட்டின் எடையைத் தாங்கும் என்று யார் சொன்னது? தூண் எழுப்பித் தனியாகக் கட்ட வேண்டும். அதற்குக் காலிமனையே வாங்கிவிடலாம், விலையும் குறைவு.

அவருக்குப் பதில் வயதான தச்சர் ஒருவரை அழைத்துப் போங்கள். நன்னிலத்தில் நண்பர் ஒருவர் வீடு பார்த்தபோது கூடப் போயிருந்தேன். வந்த தச்சர் யாரிடமும் பேசவில்லை. ஏணி போட்டு ஏறி, உளிப்பிடியால் உத்திரத்தைத் தட்டிக்கொண்டே போனார். டணார் டணார் என்று வந்த சத்தம் சுவரோரம் போனதும் பொத்தென்று மாறியது. உளியைத் திருப்பிக் குத்தினார், பாதி இரும்பு உள்ளே போய்விட்டது. நடுவில் மரம் வைரம் பாய்ந்து நிற்கும், சுவருக்குள் புகுந்திருக்கும் முனைதான் முதலில் இற்றுப்போகும், கரையானும் அங்கேதான் தொடங்கும். முற்றத்தைச் சுற்றி நான்கு சரிவுகள் கூடுகிற கூடல்வாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டு வீடு ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். உத்திரமும் கூடல்வாயும் சரியாக இருந்தால், உடைந்த ஓடுகளை மாற்றி ஓட்டைத் திருப்பி வேய்ந்தாலே போதும்.

சுவருக்கு வருகிறேன். கீழே முழங்கால் உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருக்கிறதா? இருந்தால் ஓதத்தை மறைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சில் ஏறிய ஈரம் வெளியே ஆவியாகிவிடும். சிமெண்டுக்குப் பின்னால் அது போக வழியில்லாமல் மேலே ஏறும், உப்புப் பூக்கும். அந்த நன்னிலம் வீட்டில் பூச்சைப் பெயர்த்தபோது உள்ளே செங்கல் ரவை மாதிரி கையில் கொட்டியது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் காய்ந்த பின் மறுபடி சுண்ணாம்பே பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் கலவை போடத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் நீற்றிய சுண்ணாம்பும் மணலுமே போதும், கடுக்காயை வைத்துப் பாரம்பரியம் பேசி கூலியை இரட்டிப்பாக்குகிறவர்களும் உண்டு.

அதையும் வாங்கிய உடனே செய்ய வேண்டாம். வயரிங்கை மட்டும் எர்த்தோடு புதிதாகப் போட்டுக்கொண்டு, ஒரு ஐப்பசி கார்த்திகையை அந்த வீட்டில் கழியுங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் வியர்க்கிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதெல்லாம் அடைமழையில் தெரிந்துவிடும். தையில் வேலையைத் தொடங்கலாம்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறிய ஊரில் வீட்டை விற்க நினைத்தால் உடனே விற்க முடியாது. அதனால் சேமிப்பு முழுவதையும் இதில் போடாதீர்கள், விலை ஏறும் என்று நினைத்தும் வாங்காதீர்கள். அங்கே இருந்து வாழப்போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தும்.

கழிவறையை மட்டும் தைவரை தள்ளிப்போட முடியாது. பழைய வீடுகளில் அது கொல்லைக் கோடியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும், உங்களுடையது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும். கொல்லை அவ்வளவு நீளம் இல்லையென்றால் கிணற்று நீரைக் குளிக்கத் துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கப் பேரூராட்சிக் குழாய்க்கு எழுதிப் போடுங்கள்.