வருங்காலப் போர்கள் இணையத்திலேயே நடந்து முடிந்துவிடுமா?

முடியாது. குண்டும் விழும், அதோடு சேர்ந்து கணினித் தாக்குதலும் நடக்கும். உக்ரைனில் அதைத்தான் பார்க்கிறோம்.

2015 டிசம்பர் 23, பிற்பகல் மூன்றரை மணி. மேற்கு உக்ரைனில் இவானோ-பிராங்கிவ்ஸ்க் பகுதிக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. ஓர் ஊழியரின் கண்ணெதிரே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது. ஒரு துணை மின்நிலையத்தின் பிரேக்கரை, அதாவது மின்சாரத்தை நிறுத்தும் பெரிய சுவிட்சை, துண்டிக்கும் பொத்தானில் போய் நிற்கிறது, அழுத்துகிறது. 'உறுதியா?' என்று கேட்கும் பெட்டியிலும் அழுத்துகிறது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார், கேட்கவில்லை. அடுத்து கணினி அவரையே லாக்-அவுட் செய்துவிட்டது. திரும்ப நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. அன்று தாக்கப்பட்டவை மூன்று நிறுவனங்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. மக்கள் புகார் சொல்லக்கூட வழியில்லாதபடி கால் சென்டரையும் தாக்கியவர்கள் போலி அழைப்புகளால் அடைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் தொடக்கம், பல மாதங்களுக்கு முன் மின்னஞ்சலில் வந்த, வைரஸ் ஒளிந்திருந்த ஒரு சாதாரண மைக்ரோசாப்ட் ஆபீஸ் கோப்பு.

அடுத்த டிசம்பரில் தலைநகர் கீவின் ஒரு பகுதியில் சுமார் ஒரு மணி நேரம் மின்சாரம் போனது. இந்த முறை மவுஸை நகர்த்த ஆளே தேவைப்படவில்லை. இண்டஸ்ட்ராயர் என்ற நிரலே பிரேக்கர்களின் மொழியில் பேசித் துண்டித்தது. வருங்காலம் எப்படி இருக்கும் என்று கேட்டால் இந்த ஓராண்டு மாற்றத்தைத்தான் காட்டுவேன்.

அதைவிட எனக்குப் பயம் தருவது, நுழைந்துவிட்டுச் சத்தமில்லாமல் காத்திருப்பது. சீன அரசின் ஆதரவுள்ள வோல்ட் டைஃபூன் குழு, சில அமெரிக்க நிறுவனங்களின் நெட்வொர்க்கில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஒளிந்திருந்ததாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அறிவித்தது. கூடங்குளத்தில்கூட 2019-ல் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றார்கள். அந்தத் தனிமையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது.

சரி, இவானோ-பிராங்கிவ்ஸ்க்கில் மின்சாரம் எப்படித் திரும்பியது? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணை மின்நிலையமாகப் போய், பிரேக்கரைக் கையால் போட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. கணினி அமைப்பு சீராகாததால், இரண்டு மாதம் கழித்தும் பிரேக்கர்களைக் கையாலேயே இயக்கிக்கொண்டிருந்தார்கள்.